கம்பெனி பஸ்ஸில் திருந்திய பிழைச்செய்தி

நானும் இரண்டு நண்பர்களும் தமிழ்ச் சொற்களால் எழுதும் ஒரு சின்னக் கணினி மொழியைச் செய்துவருகிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம், திருத்தலாம். இதுவரை யாரும் எடுக்கவில்லை.

அதில் எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ‘5 3 கூட்டு’ என்றால் மேலே உள்ள இரண்டையும் எடுத்துக்கொண்டு 8 வைக்கும்.

இன்று காலை ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸில், போனில் வேண்டுமென்றே ‘5 கூட்டு’ என்று மட்டும் அடித்தேன்.

‘பிழை: அடுக்குக் கீழ்வழிவு.’

இந்தச் சொல்லுக்காக மூவரும் இரண்டு வாரம் சண்டை போட்டிருக்கிறோம்.

பக்கத்து சீட்டில் தையல் லைன் பர்வீன் அக்கா எட்டிப் பார்த்தார்.

“இன்னாமா வழியுது?”

“ஒண்ணும் வழியலக்கா. கூட்டறதுக்கு ரெண்டு நம்பர் வேணும், ஒண்ணுதான் இருக்குது.”

“எங்க டேபிள்ல ரெண்டு பீஸ் சேத்துத் தைக்கணும். ஒண்ணுதான் வந்துச்சுன்னா ‘ஒண்ணு கம்மி’ன்னு கத்துவோம். அதையே போட வேண்டிதான?”

மாதனூர் தாண்டுவதற்குள் மாற்றிவிட்டு, அதே வரியை மறுபடி ஓட்டினேன்.

‘பிழை: ஒண்ணு கம்மி.’

அக்கா போனை வாங்கி, 5-க்குப் பக்கத்தில் ஒரு 3 போட்டார். 8 வந்தது.

எங்கள் மொழியில் எங்களைத் தவிர வேறொருவர் எழுதிய முதல் வரி அதுதான்.

“ஒரு ஸ்க்ரூ கம்மின்னு திட்டற மாதிரி இருக்குதே” என்று அந்த இரண்டு நண்பர்களில் ஒருவர் இப்போது மறுப்பு எழுதியிருக்கிறார். பழைய சொல்லே வேண்டும் என்பவர்கள் கமெண்டில் வரலாம். ஒரே நிபந்தனை: கீழ்வழிவு என்றால் என்னவென்று பர்வீன் அக்காவிடம் நீங்களே விளக்க வேண்டும்.