உட்காரும் குழுவில் நடந்தவள்

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை எட்டு புள்ளி நாலிலிருந்து ஏழு புள்ளி ஒன்றுக்கு இறக்கியது. இன்சுலின் ஊசியிலிருந்து தப்பியது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் இஸ்திரி இயந்திரத்தோடு மல்லுக்கட்டியும் பத்து விரல்களையும் பத்திரமாக வைத்திருப்பது. புருஷன் போன பிறகு இரண்டு பெண்களைக் கரையேற்றியது. தங்கை ஜெயித்தவை என்று அக்கா விரல்விட்டுச் சொல்பவை இவை. எடை ஒரு கிலோதான் குறைந்தது. அதை அக்கா சேர்ப்பதில்லை.

தங்கைக்கு வயது நாற்பத்தெட்டு. சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ‘நீராவி’. கோபம் குப்பென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். படிப்பு இல்லை. அக்கா எட்டாம் வகுப்புவரை போனாள். அவள் போவதற்காகக் கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்றவள் இவள்தான்.

“மூணு மாசம் பாக்கலாம். குறையலன்னா ஊசிதான்” என்று டாக்டர் சொன்ன அதே வாரம், மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சிக்கு நடுத்தர வயதுப் பெண்களைத் தேடினார்கள். உடற்பயிற்சி வகுப்பு இலவசம் என்றதும் அக்கா அவளைக் கையோடு கூட்டிப்போனாள்.

“நம்ம குடல்ல கோடிக்கணக்கா பாக்டீரியா இருக்கும்மா” என்றாள் ஆராய்ச்சிக்காரப் பெண். “நமக்குச் செரிக்காததை அதுங்க தின்னு, உடம்புக்கு வேண்டிய சிலதை உண்டாக்குதுங்க. நாம உடம்பை அசைச்சா அதுங்க மாறுதா, சர்க்கரை குறையுதான்னு பாக்கறோம்.”

“அப்ப என் வயித்துக்குள்ளயும் மூணு ஷிஃப்ட் ஓடுதுன்னு சொல்லுங்க. நான்தான் நாள் முழுக்க நிக்கறேனே, அது போதாதா?” என்றாள் தங்கை.

“நிக்கறது வேற, மூச்சு வாங்க நடக்கறது வேற.”

தங்கை கைநாட்டு வைத்தாள். அக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். யார் எந்தக் குழு என்று சீட்டுக் குலுக்கினார்கள். பயிற்சிக் குழு கிடைக்கவில்லை. அவளுக்கு விழுந்தது பன்னிரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எப்போதும்போல இருக்க வேண்டிய குழு; அவர்களுக்கு வகுப்பு அதற்குப் பிறகுதான். டாக்டர் கொடுத்த தவணையும் அதற்குள் முடிந்துவிடும்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “நாளைக்குக் காலைல அஞ்சரைக்குக் கிளம்பி நில்லு. நடக்கறோம்.”

“எப்பவும்போல இருன்னாங்களேக்கா?”

“எப்பவும் நான் சொன்னா நீ கேப்ப. அப்படியே இரு.”

பேருந்துப் பணிமனையின் மதிலைச் சுற்றி நடந்தார்கள். முதல் வாரம் ஒரு சுற்றிலேயே தங்கைக்கு நாக்குத் தள்ளியது. ஐந்தாவது வாரம் நாலு சுற்று. எட்டாவது வாரம் அக்காதான் பின்னால் ஓடினாள். தேதி, கிளம்பிய நேரம், சுற்று, மழை பெய்ததா என்பதுவரை அக்கா ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். கடைசி வாரம் ரத்தம் பார்த்த டாக்டர், “ஊசி வேண்டாம்” என்றார்.

ஆராய்ச்சிக்குக் கடைசி மலமாதிரி மட்டும் பாக்கி. அந்த டப்பாவை அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள்.

“இது என்ன டப்பா?” என்று கையில் எடுத்தார் அக்காவின் கணவர்.

“தொடாதீங்க மாமா, அது நான்தான்!”

மறுநாள் டப்பாவோடு போகும் வழியில் அக்கா கண்டிப்பாகச் சொன்னாள்: “நடந்ததைச் சொல்லிடாத. வகுப்பும் போயிடும், உன்னையும் நீக்கிடுவாங்க.”

ஆராய்ச்சிக்காரப் பெண், “வழக்கத்துல ஏதாவது மாத்தினீங்களா?” என்று கேட்டபோது, மேசைக்கடியில் அக்கா அவள் காலை மிதித்தாள்.

“காலை எடுக்கா” என்றாள் தங்கை. பிறகு அந்தப் பெண்ணிடம், “நாங்க தொற்று வார்டுத் துணியை மத்த துணி மூட்டையில போடவே மாட்டோம். ஒரு துண்டு மாறினாலும் மொத்த மூட்டையும் கெட்டுது. என் டப்பா தப்பான மூட்டையில கெடக்கும்மா. நான் தினமும் நடந்தேன்.”

அந்தப் பெண் பேனாவை மூடிவைத்தாள். அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். “தப்பு என்னோடது. நாள், நேரம் எல்லாம் இதுல இருக்கு.”

பக்கம் பக்கமாகப் புரட்டியபின் அந்தப் பெண் சொன்னாள்: “உங்களை இந்தக் குழுவுல சேர்க்க முடியாது, காரணம் எழுதித் தனியா வைக்கணும். வகுப்பு உண்டு, வாங்க. கிருமி மாறிச்சா, அதனாலதான் சர்க்கரை குறைஞ்சுதான்னு ஒருத்தரை வச்சுச் சொல்ல முடியாது. ஆனா நடக்கறதை விட்டுடாதீங்க.”

நடந்ததை ஒரு தாளில் எழுதிப் படித்துக் காட்டி, மைப்பெட்டியைத் திறந்து வைத்தாள்.

“மை வேணாம். பேனா குடுங்க.”

அக்கா திகைத்துப்போனாள். வார்டு எண் எழுதும் மார்க்கரால், கிழிந்து ஒதுக்கிய படுக்கை விரிப்புகளில், சட்டையில் குத்திய பெயர் அட்டையைப் பார்த்துப் பார்த்து, சாப்பாட்டு இடைவேளைகளில் தங்கை தன் பெயரை வரைந்து பழகியிருக்கிறாள். அந்தத் துணிகளெல்லாம் தரை துடைக்கப் போய்விட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி இறங்கியது. பக்கத்தில் தேதியையும் அவளே போட்டாள். எண்கள் அவளுக்குப் பழக்கம்தானே. வீட்டுக்கு வந்ததும் அக்கா நோட்டின் கடைசிப் பக்கத்தில், சுற்றுகளின் எண்ணிக்கைக்குக் கீழே, அந்தத் தேதியை எழுதிக்கொண்டாள்: 14 மார்ச் 2019, வியாழக்கிழமை.