பாட்டை ஒப்புக்கொடுத்த கதை: ராயப்பன்பட்டிக்கு ஒரு திராட்சைப் பயணம்

எட்டு மாதத்துக்கு முன்பு கழுத்தில் ஆபரேஷன் செய்து தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி போனது, கூடவே என் குரலும் போனது. மதுரையில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் பதினைந்து வருடம் பாடியவன் நான். இப்போது வாயைத் திறந்தால் தகரத்தை ரோட்டில் இழுத்துப் போகிற மாதிரி ஒரு சத்தம். அதைவிட எரிச்சல், பார்க்கிறவர்கள் எல்லாம் தோளில் தட்டி, "தேவ சித்தம், பிரதர்" என்று சொல்லிவிட்டு நகர்வது. சொல்கிற அவர்களுக்கெல்லாம் மேல் ஸ்தாயி ஜோராக வருகிறது! போதுமடா சாமி என்று, குழுவிலிருந்து விலகுவதாக ஒரு கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கொடுத்துவிடுவதாக முடிவு.

அப்போதுதான் ஆபீஸ் நண்பர் அருளப்பன் கூப்பிட்டார். "எங்க அக்கா தோட்டத்துல ரெண்டு வருசம் கழிச்சு மொத வெட்டு. வாங்க, திராட்சையாச்சும் தின்னுட்டு வரலாம்." 2009 பிப்ரவரி, இரண்டாம் சனியும் ஞாயிறும் லீவு. அவர் வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போய்விட்டார். நான் மறுநாள் கிளம்பினேன்.

ஆரப்பாளையத்தில் காலை 6.10க்குக் கம்பம் பஸ். உத்தமபாளையத்துக்கு டிக்கெட் 36 ரூபாய். வலது பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள். காலை வெயில் முகத்தில் அடிக்காது, தேனிக்கு அப்புறம் மலையும் கூடவே வரும். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதுமே காற்று குளிர்ந்துவிட்டது. 8.15க்குத் தேனியில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். இரண்டு வடை, ஒரு டீ, எட்டு ரூபாய். பழனிசெட்டிபட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், வாழை, தென்னை. எரிச்சலோடு உட்கார்ந்திருந்த எனக்கே கண் குளிர்ந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உத்தமபாளையத்தில் இறங்கும்போது மணி 9.25. ராயப்பன்பட்டி டவுன் பஸ் கண் முன்னாலேயே போய்விட்டது. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர், இது ஆட்டோக்காரர் சொன்ன கணக்கு. தொண்ணூறு ரூபாய் கேட்டார். எங்கே போக வேண்டும் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சவரியம்மா அக்கா தோட்டமா? பந்தல் தூணு கால்ல விழுந்து ரெண்டு வருசமாப் படுத்துக் கெடந்தாகளே, அவுக தோட்டந்தான? நாளைக்கு மொதக் கூடை கோயிலுக்கு வருது சார். ஊரே காத்துக் கெடக்கு. எம்பது குடுங்க, போதும்."

மலையடிவாரத்தில் ஒரு ஏக்கர் பந்தல். தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகக் கறுத்த பன்னீர் திராட்சை. அருளப்பனுக்குப் பக்கத்தில் சவரியம்மாள் அக்கா கம்பை ஊன்றி நின்றார்கள். ஐம்பது வயதிருக்கும், ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார்கள்.

"வாங்க தம்பி, அங்கன நெழல்ல உக்காருங்க. இவன் சொன்னான், தொண்டையில ஆபரேசனாமே?"

பேச்சை மாற்ற, "கால் இன்னும் வலிக்குதா அக்கா?" என்றேன்.

"வலிக்காம? உள்ள கம்பியில்ல வச்சிருக்காக! காலையில எந்திரிக்கயில உசுரு போயிட்டு வரும். ஆனா சும்மா வலிக்க விடமாட்டேன். இன்னைக்கு வலி பக்கத்து வீட்டுப் பிள்ள பிரசவத்துக்குன்னு ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துருவேன். அவரும் நமக்காகத்தான சிலுவையில தொங்குனாரு? அவரோடதுல இதையும் சேத்துக்கிருவாரு. வந்த வலிய வீணாக்கலாமா தம்பி?"

சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார்கள். எங்கள் சபையில் காணிக்கை என்றால் பையில் போடுவதுதான். வலியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிறு காலை ஏழு மணிப் பூசை. முடிந்ததும் அக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கம்பையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கோயில் நடுவே நடந்தார்கள். அடிக்கு ஒரு தடவை நின்று, பல்லைக் கடித்து, மறுபடி ஒரு அடி. பார்த்தவர்கள் கண்ணெல்லாம் நனைந்திருந்தது, என்னுடையதும்தான். சிலுவையில் இயேசு தொங்கும் உருவத்தை அங்கே பாடுபட்ட சுரூபம் என்கிறார்கள். அதன் காலடியில் கூடையை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"தம்பி, இங்கன வாங்க. நீங்களும் உங்க பாட்ட ஒப்புக்கொடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. குரல் போனது தெரிந்தும் ஊர் முன்னால் பாடச் சொல்கிறார்களே! ஆனால் அந்த நடையைப் பார்த்த பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கண்ணை மூடி, ஒரு பழைய கீர்த்தனையின் பல்லவியை எடுத்தேன். இரண்டாவது வரியில் குரல் கிழிந்தது. நிறுத்தாமல் மறுபடி எடுத்தேன், மறுபடியும் கிழிந்தது. மூன்றாம் தடவை பின்னாலிருந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு வராத மேல் ஸ்தாயியை அவர்கள் பாட, கீழ் ஸ்தாயியில் நான் கரகரத்தேன். பாடி முடித்துக் கண் திறந்தால் அக்கா வாயில் கை வைத்து நிற்கிறார்கள்.

"ஆத்தாடி! நான் நீங்க படுற பாட்டச் சொன்னேன். நீங்க பாடுற பாட்டப் பாடிட்டீக!"

கோயிலே சிரித்தது. பூசை வைத்த சாமியார் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார், அருளப்பன் தூணைப் பிடித்துக்கொண்டார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா மெதுவாகச் சொன்னார்கள்: "போன மாசம் இவன் ஒங்களப் பத்திச் சொன்னான். நாலு நாள் வலி ஒங்க தொண்டைக்குன்னுதான் ஒப்புக்கொடுத்தேன். வீணாப் போகல."

முகம் தெரியாத ஒருவருடைய காலில் எனக்காக நாலு நாள் வலி. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். என் வலியை எட்டு மாதமாக நான் மட்டுமே பூட்டி வைத்துக்கொண்டு முறைத்துக் கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ராயப்பன்பட்டியில் லாட்ஜ் எதுவும் என் கண்ணில் படவில்லை, தெரிந்தவர்கள் இல்லையென்றால் தேனியிலோ கம்பத்திலோ தங்குங்கள். தோட்டத்தில் கேட்காமல் பழத்தில் கை வைக்காதீர்கள், கேட்டால் மடி நிறையத் தருவார்கள். திரும்பும்போது நேரம் இருந்தால் வைகை அணையையும் பார்த்துவிடலாம், எனக்கு நேரம் இல்லை. இன்னொன்று, பன்னீர் திராட்சையில் கொட்டை உண்டு. பஸ்ஸில் தின்றால் துப்புவதற்குக் கையில் ஒரு காகிதம் வேண்டும். என்னிடம் அந்தக் கடிதம் இருந்தது. உசிலம்பட்டி வருவதற்குள் நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை மாலை குழுவின் பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். கடைசி வரிசையில் வலது ஓரம் எனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் கோயில் பக்கம் வந்தால், கீழ் ஸ்தாயியில் ஒருவன் மட்டும் கரகரவென்று பாடுவது கேட்கும்.