டங் என்று விழுந்த காலிஃபிளவர்

கடலை உருண்டைக்குப் பாகு காய்ச்சுகிறவனை வீட்டு அடுப்படிக்குள் விடக் கூடாது என்பது என் மனைவியின் சட்டம். கல்யாணமான புதிதில் நான் ஒரு நாள் உப்புமா கிண்டினேன். அதைக் கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்குப் போட்ட தடை இருபத்திரண்டு வருஷம் நீடித்தது. நானும் நல்ல பிள்ளையாகத் தட்டை நீட்டுகிற வேலையை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

போன வருஷம் அவள் தொண்டையில் கட்டி வந்தது. சேலத்துக்குக் கூட்டிப்போய் வாரக்கணக்கில் கரண்டு வைத்தோம். எங்கள் பக்கம் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு அதுதான் பேர். “கரண்டு ஏத்தியாச்சு, இனி மீட்டர் ஒண்ணு மாட்டிட வேண்டியதுதான்” என்று திரும்பி வரும் பஸ்ஸில் ஜோக்கடித்தேன். முன் சீட்டுக்காரர் சிரித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டி சுருங்கியது. கூடவே நாக்கும் செத்துப்போனது. களி, சாம்பார், மாம்பழம் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். “நனைஞ்ச அட்டைப்பொட்டி மாதிரி இருக்குது” என்பாள்.

“நீ எப்போ அட்டைப்பொட்டி தின்ன?”

“உங்க உப்புமாவைத் தின்னேனே.”

கரண்டு வைத்ததில் வந்த வாய்ப்புண் ஆறி மாதங்கள் ஆகியும் ருசி திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். எடை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. “அடுத்த திங்கக்கிழமை பார்க்கலாம். இன்னும் இறங்கியிருந்தா மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்ங்க. கஞ்சி அதுலயே போயிடும்” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். “ஏங்க, குழாய் மட்டும் வேணாங்க.”

ஊசிக்கோ கரண்டுக்கோ அவள் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. வராததுதான் பயமாக இருந்தது.

அந்த வாரம் பால், முட்டை, ராகிக் கஞ்சி என்று எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டிலில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “இங்க பாருங்க” என்று நீட்டினாள். யாரோ காலிஃபிளவரை ஓவனில் சுட்டு எடுத்து, இனிப்பும் காரமுமாகச் சிவப்பாய் ஒரு பாகைப் பூசிக்கொண்டிருந்தார்கள். வார்னிஷ் அடித்த மாதிரி மின்னியது.

“பாக்க நல்லாருக்குது, இல்ல?” என்றாள்.

இத்தனை மாதத்தில் ஒரு தின்பண்டத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. நான் சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். எங்கள் ஊர் இண்டூர் முழுக்கச் சுற்றி ஒரே ஒரு பூ கிடைத்தது. அதுவும் வெயிலில் வாடி, என்னைப் போலவே தலை மஞ்சளித்து இருந்தது.

எங்கள் வீட்டில் ஓவன் என்று சொல்லத் தக்கது மொட்டைமாடி ரூம் ஒன்றுதான். அதனால் தோசைக்கல்லை எடுத்தேன். பூவைப் பிய்த்து, மஞ்சளும் உப்பும் போட்ட கொதிநீரில் முக்கினேன். இரண்டு புழுக்கள் மிதந்து வந்தன. அவற்றுக்காவது பசி இருந்திருக்கிறது. துணியில் போட்டு ஈரத்தை ஒற்றினேன். பாதியை எடுத்து வைத்துவிட்டு, மீதியை எண்ணெயில் பிசறிக் கல்லில் பரப்பி மூடினேன். ஓரமெல்லாம் கருகிச் சிவந்தபோது வாசனை நன்றாகவே வந்தது. எனக்கே ஆச்சரியம்.

அடுத்தது பாகு. அது என் ராஜ்ஜியம். பாப்பாரப்பட்டி வெல்லம், கொஞ்சம் புளிக்கரைசல், பூண்டும் வரமிளகாயும் அரைத்த விழுது, உப்பு. கொதி வந்ததும் கை தானாகக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தது. ஒரு சொட்டு விட்டேன், உருட்டினேன், தட்டில் போட்டேன். டங். கடலை உருண்டைப் பட்டறையில் இருபத்தைந்து வருஷமாக எனக்குச் சோறு போட்ட சத்தம். அந்தச் சத்தம் வந்தால் பதம் வந்துவிட்டது என்று அர்த்தம். பெருமையாகப் பூவைக் கொட்டிப் புரட்டி, ஆறவைத்து, தட்டோடு அவள் முன்னால் நின்றேன்.

அவள் ஒன்றை எடுத்தாள். பார்த்தாள். கட்டில் சட்டத்தில் தட்டினாள். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி கேட்டது.

“ஏங்க, இது காலிஃபிளவரா, கடலை உருண்டையா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாகென்றால் கல்லாக வேண்டும் என்று மட்டுமே தெரிந்த கை இது. புண் ஆறிய வாய்க்கு மெத்தென்று ஒன்றைச் செய்யப்போய், ஒரு கூடை ஜல்லி செய்திருக்கிறேன்.

“நாளைக்குத் தராசுல ஏறும்போது இதை மடியில கட்டிக்க. ரெண்டு கிலோ கூடக் காட்டும்” என்றேன்.

சிரித்தாள். சிரித்தால் தொண்டை இழுக்கும், அதனால் கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எழுந்து வந்து அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். “மீதியைப் போடுங்க. நான் சொல்றப்ப எறக்கணும்.”

மீதிப் பூவையும் கல்லில் சுட்டு எடுத்தேன். புதுப் பாகு கொதித்தது.

“எறக்குங்க.”

“இன்னும் பதமே வரலியே!”

“எறக்குங்கன்னா எறக்குங்க!”

இறக்கினேன். தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும் பாகு. இதைப் பட்டறையில் யாராவது காய்ச்சியிருந்தால் நானே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். பூவின் மேல் ஊற்றினேன். போனில் பார்த்த அதே மினுமினுப்பு.

அவள் ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். நான் பரீட்சை ரிசல்ட் பார்க்கிறவன் மாதிரி நின்றேன்.

“இனிப்பு தெரியுதா?”

இல்லையென்று தலையாட்டினாள்.

“புளிப்பு?”

அதுவும் இல்லை. பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. “எரியுதுங்க” என்றாள்.

சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கையால் தள்ளிவிட்டாள். “தண்ணி வேணா. அது ஒண்ணாவது தெரியுதே. இருக்கட்டும்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூன்று துண்டு தின்றாள். நான்காவதை வாய் வரை கொண்டுபோய்த் தட்டில் வைத்துவிட்டாள். மீதியை நான் தின்றேன். நன்றாக இருந்தது. வாழ்க்கையிலேயே நான் உருப்படியாகச் சமைத்த ஒரே பண்டம், அதையும் நானே தின்று தீர்த்தேன். “எப்படியிருக்குது, சொல்லுங்க” என்று அவள் கேட்டாள். வெல்லம், புளி, பூண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல, பிறந்ததிலிருந்து கண் தெரியாதவனுக்குச் சினிமாக் கதை சொல்கிற மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நர்ஸ், “செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கம்மா” என்றார். ஏறினாள். முள் நின்றது. போன வாரத்தைவிட முக்கால் கிலோ குறைவு. டாக்டர் சீட்டில் ஏதோ எழுதினார். அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடுப்பில் சேலை முடிச்சு புடைத்துக்கொண்டிருந்தது.

“என்னது அது?”

அவிழ்த்துக் காட்டினாள். செய்தித்தாளில் மடித்த ஏழெட்டுக் காலிஃபிளவர் உருண்டைகள்.

என் ஜோக்குகளில் ஒன்றைக்கூட அவள் இத்தனை வருஷத்தில் காரியமாக எடுத்துக்கொண்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தக் கல்லோடு சேர்த்தும் எடை இறங்கித்தான் இருந்தது.

அன்றைக்கே குழாய் போட்டார்கள். போடும்போது என் கையை அவள் பிடிக்கவில்லை, கட்டில் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டாள்.

இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான்தான் கஞ்சி காய்ச்சுகிறேன். இருபத்திரண்டு வருஷத்துத் தடை நீங்கி அடுப்படி முழுசாக என் கைக்கு வந்துவிட்டது. தண்ணீர் மாதிரி ஓட வேண்டும், துணியில் வடிகட்ட வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். முதல் நாள் குழாயின் வாயில் ஊற்றினேன். கஞ்சி அசையாமல் நின்றது. தட்டினேன், ஊதினேன், இறங்கவில்லை.

அவள் தலையணையில் சாய்ந்தபடி, குழாய் ஒட்டிய மூக்கோடு, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏங்க, இதையும் உருண்டை புடிக்கப் பாக்கறீங்களா?”

நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு போய் இன்னும் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டேன்.