எஞ்சினுக்கு அடுத்த இடம்

சத்தே இறைச்சி சுடும் கடையில் கரிமேல் எண்ணெய் சொட்டிப் புகையும்போதெல்லாம், பினாங்கில் துரைமார் கிளப்புத் தோட்டத்தைச் சுற்றி ஓடிய முழங்கால் உயர நீராவி எஞ்சின் ஞாபகம் வந்துவிடும். அதைப் பழுதுபார்த்தவர் ரயில்வே பட்டறையில் வேலை செய்த என் அப்பா.

ஞாயிறு காலைகளில் அவர் கெட்டிலால் பாய்லருக்கு நீரூற்றி, விரற்கடை அளவு கரித்துண்டுகளைப் போட்டு, ஆவி சீறத் தொடங்கியதும் எங்கள் வரிசை வீட்டுப் பிள்ளைகளைப் பின்னாலிருக்கும் பலகை வண்டிகளில் உட்காரவைத்து, தூங்குமூஞ்சி மரங்களைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பார். எஞ்சினுக்கு அடுத்த இடம் எப்போதும் என் தோழி அஞ்சலைக்குத்தான். என்னை மட்டும் ஏற்றவே மாட்டார். "நீ வாசக் கேட்டுப் பக்கத்துலயே நில்லு" என்பார். பெற்ற மகளைவிட அவள் உசத்தியா என்று கறுவிக்கொண்டேதான் வளர்ந்தேன்.

கல்யாணமான பிறகு ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அது ஒட்டுப் போட்ட பாய்லரும்மா. தொரை வீட்டுப் பிள்ளைங்க ஏர்றதுக்கு முன்னாடி, தாங்குதான்னு பாக்கச் சொல்வாங்க. வெடிச்சிருந்தா?" என்றார், வெற்றிலையை மடித்தபடி.

அந்த நாட்களில் ஒவ்வொரு ஞாயிறும் வண்டியில் ஏறுமுன் அஞ்சலை அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் காட்டிக் கெஞ்சுவாள்: "இன்னிக்கு என் எடத்துல இவ உக்காரட்டும் மாமா."