மச்சானுக்கு அலுத்துப்போன கார்

என் மேசை மேல் ஒரு தகர டப்பா இருக்கிறது. மூடியைத் திறந்தால் விளக்கெண்ணெய் வாசம் வரும். உள்ளே ஒரே ஒரு பிரஷ், படுத்த வாக்கில் கிடக்கும். பிடி சுண்டுவிரல் நீளம்தான். முடி அதைப் போல இரண்டு பங்கு நீளம். அணில் முடி. மோட்டார் கார்களின் உடம்பில் நீளக் கோடு இழுப்பதற்கென்றே செய்த பிரஷ் அது. முடியின் நுனி இடது பக்கமாக வளைந்திருக்கிறது. வளைத்தவர் என் அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. போனவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

மைசூரில் மகாராஜா ஆண்ட காலம். கொள்ளேகாலத்துப் பக்கம் எங்கள் சோளக்காட்டில் மழை ஏமாற்றிய ஒரு வருஷம், நான் பிழைப்புத் தேடி அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நஜர்பாத்தில் சாரட்டு வண்டிகளுக்கும் மோட்டார்களுக்கும் வர்ணம் பூசுகிற பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. நாலைந்து வருஷத்தில் கோடு இழுக்கிற ஆளாக ஆனேன். அந்நாளில் நல்ல கார் என்றால் கறுப்போ அரக்கு நிறமோ பூசி, இடுப்பைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓட வேண்டும். கோடு இல்லாத கார் கரை இல்லாத வேட்டி மாதிரி. பானெட் மூக்கில் ஆரம்பித்துப் பின்பக்கம் வரை மூச்சை அடக்கி, கால் மாற்றி நடந்துகொண்டே இழுக்க வேண்டும். நடுவில் தும்மினால் போயிற்று. காரைச் சுற்றி வந்து கோடு சேருகிற இடம் ஒன்று இருக்குமே, அந்த ஒட்டைப் பின்கதவின் கீலுக்கு அடியில் மறைத்துவிடுவேன். யாரும் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்கிற மாதிரி இழுத்தவன் கோட்டு ஆளே இல்லை என்பது எங்கள் பட்டறைக் கணக்கு.

மச்சான் கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீசில், குமாஸ்தா. கோட்டும் மைசூர் பேட்டாத் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு காலையில் போய் மாலையில் வருவார். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் முதல் தேதி சம்பளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் என் டப்பாக்களைத் திறந்து, தன் சைக்கிள் மட்கார்டில் ஒரு கொடி வரைந்தார். நான் சிரித்துக்கொண்டே பார்க்கப் போனவன், வாயை மூடிக்கொண்டேன். கொடி நன்றாக இருந்தது. அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன். இலைகள் காற்றில் ஆடுகிற மாதிரி இருந்தன. அவர் வரையும்போது பாடுவார். தொடையில் தாளம் போடுவார். வர்ணம் சொட்டினால் சிரிப்பார். நான் கோடு இழுக்கும்போது என் பக்கத்தில் யாரும் பேசவே கூடாது.

சைக்கிளைப் பார்த்த டாக்டர் ஒருவர் தன் காருக்குக் கேட்டார். அப்புறம் ஒரு வக்கீல், அப்புறம் வக்கீலின் சம்பந்தி. மச்சான் காசு வாங்க மாட்டார். ஒரு தட்டு சிரோட்டிப் பலகாரமும் காபியும் கொடுத்தால் போதும். "கலாவிதரு வந்தார்" என்று நாற்காலி போடுவார்கள். கலாவிதரு என்றால் கன்னடத்தில் கலைஞர். அதே வீடுகளுக்கு நான் பட்டறை வேலையாகப் போனால், "பெயிண்டர் வந்திருக்கான், பின்வாசலுக்குப் போகச் சொல்லு" என்று குரல் வரும். ஒரே பிரஷ், ஒரே வர்ணம். அவருக்கு முன்வாசல், எனக்குப் பின்வாசல்.

அதோடு நின்றிருந்தால் வயிற்றெரிச்சலோடு போயிருக்கும். பட்டறைக்கு வருகிறவர்கள், "வர்ணம் மட்டும் பூசுங்க, கோடும் கொடியும் கலாவிதரு சும்மாவே போட்டுத் தருவார்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கோட்டு வேலை பாதியாகக் குறைந்தது. எங்கள் யஜமானர் நியாயஸ்தர்தான், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு எத்தனை நாள் கூலி கொடுப்பார்? என்னைத் தேய்ப்புக்கு மாற்றினார். பழைய வர்ணத்தை நுரைக்கல்லும் தண்ணீரும் வைத்துத் தேய்த்து எடுக்கிற வேலை. நாள் முழுக்க ஈரத்தில் கை ஊறி, விரல் நுனி வெடித்து, நாளாக நாளாகத் தொடுகிற உணர்ச்சியே மரத்துப்போகும். அதனால்தான் கோடு இழுக்கிறவனைத் தேய்ப்பில் போடுவதே கிடையாது. என்னைப் போட்டார்கள்.

வீட்டில் மச்சானிடம் சொன்னேன். "நீங்க சும்மா செஞ்சு குடுக்கறதுல எம் பொழப்புல மண்ணு விழுகுதுங்க மச்சான்" என்றேன். அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "அட, எனக்கு இது வெளையாட்டு மாப்பிள்ளை. வெளையாட்டுக்குக் காசு வாங்கினா அசிங்கம் இல்லையா?" என்றார். பெரிய மனுஷத்தனமாகப் பேசிவிட்ட திருப்தி அந்த முகத்தில் இருந்தது. அவர் சோற்றைத் தின்றுகொண்டு நான் வேறென்ன பேசுவது?

அந்த வருஷம் தசராவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது யஜமானர் கூப்பிட்டார். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை அன்று காலையில் ஒவ்வொருவரும் தன் கருவியைத் தன் கையால் சாமி முன் வைக்க வேண்டும். எது வைக்கிறாயோ அதுதான் அடுத்த ஆயுத பூஜை வரை உன் வேலை. அந்த வேலையே வற்றிப்போனால்தான் நடுவில் மாற்றுவார். நுரைக்கல் வைத்தவன் தேய்ப்பான், பிரஷ் வைத்தவன் பூசுவான். வைக்காதவனுக்கு மிச்சம் கிடக்கிற வேலை. "நவமி அன்னைக்கு உன் கோட்டுப் பிரஷ்ஷைக் கொண்டுவந்து வை. புதுசா நாலு சாரட்டு வருது, கோட்டு வேலை உனக்குத்தான்" என்றார். நான் அந்த மாதம் முழுக்கத் தேய்த்துவிட்டு வந்து கைக்கு எண்ணெய் போட்டு நீவிக்கொண்டேன். பிரஷ் டப்பாவில் பத்திரமாகப் படுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது ஒண்டிக்கொப்பலில் ஒரு பங்களாக் கொட்டகையில் இருந்தது. மச்சான் எனக்குச் சொல்லாமல் எடுத்துப் போயிருந்தார். அந்தப் பங்களா ஒரு காபித் தோட்டக்காரருடையது. மச்சானின் ஆபீசருக்கு நெருங்கிய உறவு. தசமி ஊர்வலம் பார்க்க விருந்தாளிகளை அழைத்துப்போக ஒரு பெரிய கார் வாங்கியிருந்தார். இரண்டு பக்கமும் கொடி, சுற்றி நீளக் கோடு, எல்லாம் தானே போட்டுத் தருவதாக மச்சான் வாக்குக் கொடுத்திருக்கிறார். இடது பக்கக் கொடியை அற்புதமாக முடித்தார். அப்புறம் நீளக் கோட்டில் கை வைத்தார். அது பாட்டுப் பாடிக்கொண்டு இழுக்கிற சமாச்சாரமா? கை நடுங்கிவிட்டது. ஒட்டு முன்கதவின் நட்டநடுவில், பார்க்கிறவன் கண் முதலில் விழுகிற இடத்தில் வந்து நின்றது. வலது பக்கம் தொடவே இல்லை. பிரஷ்ஷை டர்பன்டைன் டம்ளரில் நிற்க வைத்துவிட்டு, கச்சேரி நண்பர்களோடு மேல்கோட்டைக் கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். கிளம்பும்போது அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான்: "அலுத்துப்போச்சு."

அலுத்துப்போச்சு! இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் என் காது சூடாகிறது. எனக்கு ஒரு நாளாவது அலுத்துப்போகிற பாக்கியம் கிடைத்திருக்கிறதா? காய்ச்சலோடு கோடு இழுத்திருக்கிறேன். ஊரில் அப்பா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடித்த மறுநாள் வந்து கோடு இழுத்திருக்கிறேன். அந்தக் கோடுகளைப் பார்த்து இது எந்த நாள் இழுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அஷ்டமி அன்று காலை தோட்டக்காரரின் ஆள் வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். நவமி மத்தியானம் காருக்குப் பூஜை, அதற்குள் முடியாவிட்டால் ஆபீசரிடம் சொல்லி குமாஸ்தாவை ஒரு வழி பண்ணிவிடுவார்களாம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ போயி முடிச்சுக் குடுத்துரு சாமி. அவருக்கு வேலை போச்சுன்னா நானும் கொழந்தையும் எங்க போறது?" என்று அழுதாள். அவள் இல்லாவிட்டால் நான் மைசூரில் தெருவில் நின்றிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

கொட்டகையில் டம்ளருக்குள் என் பிரஷ் நின்றுகொண்டிருந்தது. நாலைந்து நாள் நுனியில் நின்ற முடி திரும்புமா? வெந்நீரில் நனைத்துப் பார்த்தேன், எண்ணெயில் நீவிப் பார்த்தேன். கையைச் சாய்த்துப் பிடித்துத்தான் வேலை செய்ய முடிந்தது. நடுங்கிய கோட்டைத் தேய்த்து எடுத்தேன். மச்சானின் கொடி மேல் மெல்லிய காகிதம் ஒட்டி, படி எடுத்து, ஊசியால் துளையிட்டு, காகிதத்தைத் திருப்பி வலது பக்கம் வைத்துச் சுண்ணப்பொடி தட்டினேன். பொடிப் புள்ளி இடத்தைத்தான் காட்டும். கையின் வீச்சை நாம்தான் கொண்டுவர வேண்டும். அவர் மேலிருந்து சுழித்ததை நான் எதிர்ப்பக்கமாகச் சுழித்தேன். ஓர் இலையை அவர் கொஞ்சம் பருமனாகப் போட்டுவிட்டிருந்தார். அந்தப் பருத்த இலையையும் அப்படியே வரைந்தேன். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் வேலை.

நவமி காலையில், கருவி எல்லாம் ஓய்ந்திருக்க வேண்டிய நாளில், நான் நீளக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தேன். ஒட்டைக் கீலுக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டு நஜர்பாத்துக்கு ஓடினேன். தெருவெல்லாம் வாழைக்கன்று கட்டிய ஜட்காக்கள், உடைத்த பூசணிக்காய்கள். பட்டறையில் கற்பூரம் அணைந்திருந்தது. கோட்டுப் பிரஷ் வைக்கிற இடத்தில் வேறொருவனுடைய பிரஷ், குங்குமம் வைத்து, பூ வைத்து. யஜமானர் கோபப்படக்கூட இல்லை. "இஷ்டொத்து எல்லித்தே?" என்றார். இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று. எங்கே என்று சொல்வது? பட்டறைக்கு வரவேண்டிய வேலையை வெளியில் சும்மா செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன் என்றா? தலையைக் குனிந்துகொண்டு, ஓரத்தில் மிச்சமாகக் கிடந்த ஒரு நுரைக்கல்லை எடுத்துச் சாமி முன் வைத்தேன்.

ஒரு வருஷம் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஆயுத பூஜைக்குள் என் விரல் நுனிகள் செத்துப்போயின. பிரஷ்ஷைப் பிடித்தால் பிடித்திருக்கிறேனா என்பது கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் தேய்ப்புதான்.

மச்சான் மேல்கோட்டையிலிருந்து சந்தனமும் புளியோதரையுமாக வந்து இறங்கினார். தோட்டக்காரர் அவரைக் கூப்பிட்டு, விருந்தாளிகள் முன்னால் சரிகைப் பேட்டா கட்டி, சால்வை போர்த்தினார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, "நல்லா முடிச்சிருக்க மாப்பிள்ளை, எனக்கே வித்தியாசம் தெரியல" என்று என் தோளைத் தட்டினார். பிரஷ்ஷைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த மாதம் ஆர்மோனியம் வாங்கினார். அதன் பிறகு அவர் எந்தக் காரையும் தொடவில்லை. எனக்குக் கோட்டு வேலை போன பிறகு அவருடைய விளையாட்டும் நின்றுவிட்டது! அக்கா இருந்தவரை நான் இதை யாரிடமும் சொன்னதில்லை.

என் கோபத்துக்குள் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கைகள் நன்றாக இருந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாரும் இல்லாதபோது, நானும் அவரைப் போல சும்மா ஏதாவது வரையலாம் என்று ஒரு பழைய தகரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாடிக்கூடப் பார்த்தேன். கை போய் ஒரு நேர்க்கோட்டை இழுத்தது. அப்புறம் அதற்குப் பக்கத்தில் இன்னொரு நேர்க்கோடு. வேறு எதுவும் வரவில்லை. அவர் என் பிழைப்பைத்தான் கெடுத்தார். அவருக்கு இருந்த அந்தச் சந்தோஷம் எனக்கு அதற்கும் முன்பே இல்லாமல் போயிருந்தது. அதற்கு யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் சேர்த்து அவர் மேலேயே படுகிறேன்.

போன மாதம் மச்சானின் மகன் என்னை டாக்சியில் கூட்டிப் போனான். அந்தக் காபித் தோட்டக்காரரின் காரைத் தேடிப் பிடித்து ஒரு ஓட்டல் முகப்பில் வைத்திருக்கிறார்களாம். சுற்றிலும் கயிறு, முன்னால் ஒரு பலகை. அதில் மச்சானின் பெயர். பொழுதுபோக்காக வரைந்த மாபெரும் கலைஞர் என்று எழுதியிருந்தது. மகன் கண் கலங்கி நின்றான். நான் கயிற்றைத் தாண்டிக் குனிந்து, வலது பக்கத்தைப் பார்த்தேன். பருத்த இலை இருந்தது. பின்கதவின் கீலுக்கு அடியில் ஒட்டைத் தேடினேன். இருக்கிற இடம் தெரிந்தும் என் கண்ணுக்கே அகப்படவில்லை.

"என்ன மாமா தேடறீங்க?" என்றான்.

"இந்தப் பக்கம் வரைஞ்சது நாந்தாம்ப்பா. கோடு முழுக்க நான் இழுத்தது" என்றேன். ஐம்பது வருஷத்தில் முதல் தடவை.

அவன் இந்தப் பக்கம் வந்து பார்த்தான். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். கிழவன் மனசை நோகடிக்கக்கூடாது என்கிற மாதிரி என் கையை மெல்லப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு பக்கமும் ஒரே கைதானே மாமா? வேற ஆள் வரைஞ்சிருந்தா தெரிஞ்சிருக்குமே" என்றான்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். புது எண்ணெய் ஊற்றினேன். விரலுக்கு உணர்ச்சி இல்லாததால் கண்ணால் பார்த்துப் பார்த்து முடியை நீவி நேராக்கினேன். கையை எடுத்ததும் அது இடது பக்கமாகவே சாய்ந்தது.