திரும்பி வந்தவன் என்றொரு பெயர்

துபாயில் ஒரு மாலில், வெள்ளைக்காரர்களுக்கு அவர்களுடைய வம்சத்தைச் சொல்வது என் வேலையாக இருந்தது. நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை அளவுக்கு ஒரு கவுண்டர், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். வருகிறவரின் குடும்பப் பெயரைத் தட்டினால், அது எப்படி வந்தது என்று ஒரு பத்தியும், அதற்கு மேலே வண்ணக் கேடயத்தோடு ஒரு குலச்சின்னமும் தடித்த காகிதத்தில் இறங்கும். ஸ்மித் என்றால் கொல்லன். கூப்பர் என்றால் பீப்பாய் செய்கிறவன். பி.ஏ. ஆங்கிலம் படித்த நான் வாசித்துக் காட்டுவேன், அவர்கள் பூரித்துப்போவார்கள். எங்கள் அறந்தாங்கிப் பக்கம் ஒருவனுடைய பாட்டன் தொழில் தெரிந்துவிட்டால் அவனை எங்கே உட்காரவைப்பது என்று முடிவுசெய்துவிடுவார்கள். இவர்களோ அதற்குத் தங்க நிறச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். முதல் சில மாதங்கள் இந்த ஆச்சரியத்திலேயே ஓடின.

அந்த ஆகஸ்டில், அஜ்மானில் நான் தங்கியிருந்த ரூமிலிருந்து பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான். “அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சுண்ணே. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில சேத்துருக்கோம். பேச்சு வரல. யாரு உள்ள வந்தாலும் நீதான்னு நெனச்சுத் திரும்பிப் பாக்குறாரு. சீக்கிரம் வாண்ணே.”

மேனேஜர் சுலைமான் பாய் காயல்பட்டினத்துக்காரர், இரக்கமுள்ளவர்தான். “டிக்கெட்டுக்கு நா ஏற்பாடு பண்றேன் தம்பி. ஆனா பாஸ்போர்ட்டு? அது அர்பாபோட சேஃப்லயல்ல இருக்கு. சாவி அவர் கையில. அவர் குடும்பத்தோட லண்டன் போயிருக்காரே.” அர்பாப் என்றால் எங்கள் அரபு முதலாளி, வெயில் காலம் முழுக்க லண்டனில்தான் இருப்பார். பாய் அங்கே போன் போட்டுப் பார்த்தார். யாரோ எடுத்து, அவர் ஊருக்கு வந்ததும் பேசலாம் என்று வைத்துவிட்டார்களாம். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மாலின் கண்ணாடிக் கதவுகள் நான் பக்கத்தில் போனாலே தாமாகத் திறந்துகொண்டன. வெளியே டாக்சிகள் வரிசையாக நின்றன. ஏறினால் ஏர்போர்ட் அரை மணி நேரம்கூட இல்லை. நான் கவுண்டருக்குத் திரும்பி வந்து நின்றேன்.

மறுநாள் ஒரு பெரியவர் தனியாக வந்தார். “பாமர்” என்றார். நம்முடைய பாமரன் அல்ல, இங்கிலாந்துப் பாமர். கேடயத்தில் ஈச்சங்கிளைகளும் ஒரு சிப்பியும் வந்தன. “இது முறையே இல்லை, தெரியுமா? சின்னத்தை அரசர் ஒரு ஆளுக்குத்தான் கொடுப்பார், பெயருக்குக் கொடுப்பதில்லை,” என்றார் சிரித்துக்கொண்டே. “பரவாயில்லை, அச்சடித்துச் சட்டம் போட்டு வையுங்கள், பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன்.” நான் பத்தியை வாசித்தேன். அந்தக் காலத்தில் ஜெருசலேமுக்கு யாத்திரை போனவன், போய்வந்ததற்கு அடையாளமாக ‘பாம்’ எனும் ஈச்ச ஓலையைக் கையில் ஏந்தி ஊர் திரும்புவான். அப்படித் திரும்பி வந்தவனுக்கு ஊரார் வைத்த பெயர் பாமர்.

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “திரும்பி வந்தவன்,” என்று மெதுவாகச் சொன்னார். முப்பது வருடமாக வளைகுடாவில் இன்ஜினியராம். வேலை முடிந்தது, விசாவும் முடிகிறது, அடுத்த வாரம் போயாக வேண்டும். “என் மனைவியை இங்கேதான் புதைத்திருக்கிறேன். அங்கே எனக்கு யாரைத் தெரியும்?” என்றார்.

பிறகு என் பேட்ஜைப் பார்த்தார். சுப்பையா என்று இருந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கிறார்களே என்று அப்பா பெயரைப் போட்டது, ஆபீசில் அதுவே என் பெயராகிவிட்டது. “சுப்பையா எவ்வளவு பழைய பெயர்?” என்று கேட்டார்.

“எழுபத்திரண்டு வருஷம், சார்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அது ஒரு மனிதனின் வயதுதானே!”

“ஆமாம் சார். ஆஸ்பத்திரியில் இருக்கிறார்,” என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லண்டன் என்றதும் அவர் முகம் சிவந்தது. மேனேஜர் நம்பரை வாங்கி அங்கேயே நின்று போன் செய்தார். “இந்த ஆளை உடனே வீட்டுக்கு அனுப்புங்கள்!” என்று உரக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் சுலைமான் பாய் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். “கஸ்டமர்கிட்ட என்ன தம்பி செஞ்சே? வெள்ளக்காரன் ஒன்ன வேலைய விட்டு ஊருக்கு அனுப்பச் சொல்றான்!”

“அதத்தானே பாய் நானும் கேக்குறேன்?”

பாய்க்கு அப்போதுதான் புரிந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே அப்பா போய்விட்டார். தம்பி கொள்ளி வைத்தான். அந்த நேரத்தில் நான் ஒரு டெய்லர் தம்பதிக்கு, அவர்களுடைய முன்னோர் தையல்காரர் என்று வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். சட்டம் போட்டு வைத்திருந்த தன் சின்னத்தை வாங்கப் பாமர் வரவே இல்லை. போய்விட்டாரா, போகாமல் எங்காவது ஒளிந்துகொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. செப்டம்பரில் அர்பாப் வந்தார். விஷயம் கேட்டு உண்மையிலேயே வருந்தினார், பாஸ்போர்ட்டைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். அப்பா தபால்காரராக இருந்தவர், அதனால் ஊரில் எங்கள் வீட்டுக்குப் போஸ்ட்மேன் வீடு என்று பெயர். “போஸ்ட்மேன் வீட்டுக்குப் போப்பா,” என்றேன். ஆட்டோக்காரருக்குத் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, பச்சைக் கேட் போட்டது, போன மாதம்கூட ஒரு துக்கம் நடந்ததே என்று அடையாளம் சொன்னேன்.

“அட, துபாய்க்காரர் வீடா! அதை மொதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?”

சட்டைப் பையில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்தது. ஆமாம், அந்த வீடுதான் என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன்.