விளிம்பு நெளிந்த பேணி

என் வீட்டுக் கண்ணாடி அலுமாரியைப் பார்த்துவிட்டு யாரும் பேசாமல் போனதில்லை. நீலப் பூப் போட்ட கோப்பைகள், தங்கக் கோடு இழுத்த சோசர்கள், குண்டு வயிற்றோடு ஒரு ரீபொட். வெள்ளவத்தைக் கடற்காற்றில் பூட்டு, பிணைச்சல் எல்லாம் துருவேறிப் போகும். என் பீங்கான்களுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் குடும்பத்தோடு வெளிநாடு போகிறவர்கள் வீட்டுச் சாமானை விற்கும்போது எனக்குத்தான் முதலில் செய்தி வரும். அழுதழுது பழைய பேப்பரில் சுற்றித் தருவார்கள். நானும் ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொண்டு, கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். நுகேகொடையில் ஒரு பழைய சாமான் கடைக்காரர் இருக்கிறார். எதைத் தூக்கினாலும், "எங்கலந்தே படு, நோனா" என்று சிங்களத்தில் சொல்லி, அதை இங்கிலாந்துச் சாமானாக்கி நிறுத்துவார். பொய்யென்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் வாங்கிவிடுவேன்.

பின்னேரங்களில் ரீபொட்டைச் சுடுதண்ணீரால் ஒருமுறை அலசி, தேயிலை போட்டு, கொதிநீர் ஊற்றி மூடி வைப்பேன். அது ஊறுகிற நேரத்தில், இன்றைக்கு எந்தக் கோப்பை என்று அலுமாரி முன்னால் நின்று யோசிப்பேன். பாதி ருசி அந்த யோசனையில்தான். நான் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். நல்ல தேயிலை எல்லாம் கப்பலேறிப் போக, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தது தூள். தேயிலைக்கு இப்படி ஒரு வாசம் உண்டென்று கொழும்புக்கு வந்துதான் கண்டேன். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே கிளார்க்காக இருந்தவரைக் காதலித்துக் கட்டினேன். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். மாமியார் சண்டை பிடிக்கவில்லை, சாபம் போடவில்லை. கல்யாணத்துக்கு அடுத்த நாள் காலையில் எல்லோருக்கும் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி வந்தது. எனக்கு மட்டும் ஒரு சில்வர் பேணி. கைப்பிடி இல்லை. விளிம்பு ஓரிடத்தில் நெளிந்திருந்தது. வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கென்று சிங்க்குக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்த பேணி அது.

"இது உன்ரை. மற்றதுகளோட கலக்காமல் வைச்சுக்கொள் பிள்ளை," என்றார் மாமியார். குரலில் ஒரு கடுமையும் இல்லை.

கணவரிடம் சொன்னேன். "அம்மா பழைய ஆள். நீ ஏன் இதைப் பெரிசாக்கிறாய்?" என்றுவிட்டு, கையிலிருந்த பூப்போட்ட கோப்பையில் அவர் ஒரு மிடறு குடித்தார். அந்த மிடறை நான் இன்னும் மறக்கவில்லை. அவர்கள் மேசையில் இருந்து குடிப்பார்கள். நான் குசினியில் நின்றபடி பேணியில் குடிப்பேன். எனக்கென்று முதல் கோப்பையை வாங்கி வந்தபோது, அதை வைக்க அலுமாரியில் இடமில்லை என்றார் மாமியார். கட்டிலுக்கடியில் ஒரு பெட்டிக்குள் வைத்தேன். பிடிவாதத்தில் இன்னொன்று வாங்கினேன். ஆசையில் சேர்த்தது என்று வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஆத்திரத்தில் சேர்த்தது.

இப்போது அலுமாரியும் என்னுடையது, குசினியும் என்னுடையது. மாமியாருக்குக் கை நடுக்கம். மாத்திரை போட்டாலும் நிற்பதில்லை. நடுங்கத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடமிருக்கும் மிக நல்ல கோப்பைகளில்தான் அவருக்குத் தேத்தண்ணி கொடுக்கிறேன். முட்டைக்கோது மாதிரி மெல்லிய கோப்பைகள். பிடிக்கிற காதுக்குள் ஒரு விரல்கூடச் சரியாக நுழையாது. விளிம்பு வரை ஊற்றி, சோசரோடு கையில் கொடுப்பேன்.

கொழுப்புத்தான். இல்லையென்று சொல்லவில்லை. எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. இதில் குடிக்க முடியவில்லை, எனக்கொரு பேணி தா என்று அவர் தன் வாயால் என்னிடம் கேட்க வேண்டும். அதற்காகவே அந்தப் பழைய பேணியை எறியாமல், அலுமாரியின் கீழ்த்தட்டில் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

அவர் லேசில் கேட்கிற ஆளா? கோப்பையைத் தூக்க முடியாமல் கழுத்தை நீட்டி, கோழி தண்ணீர் குடிப்பதுபோல் குனிந்து உறிஞ்சுவார். சோசரில் கடகடவென்று சத்தம் வரும். சேலை மடியெல்லாம் சாயக் கறை. என்னை நிமிர்ந்து பார்ப்பார். நான் சிரிப்பேன். வீட்டுக்கு வந்த சொந்தக்காரி ஒருத்தி, "மாமியைப் பாக்கிறதெண்டால் இப்பிடியெல்லோ பாக்கவேணும். தன்ரை விலையான கோப்பையிலயெல்லோ குடுக்கிறாள்," என்று உருகிப்போனாள். கணவரும் பெருமையோடு தலையாட்டினார். மாமியார் என்னைத்தான் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. அது விளங்கியது எனக்கும் தெரிந்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் அவ்வளவு நெருக்கம் அதுவரை இருந்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கோப்பை சரிந்து கொதிக்கக் கொதிக்க அவர் மடியில் ஊற்றுண்டது. நான் ஓடிவந்து முதலில் கோப்பையைத்தான் பார்த்தேன். உடையவில்லை. பிறகுதான் ஈரத்துணி கொண்டுவந்து அவர் தொடையில் வைத்தேன். தோல் சிவந்திருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"பிள்ளை, உதுகள் எனக்குச் சரிவராது. பேணி ஒண்டில தாவன்," என்றார்.

கேட்டுவிட்டார். எனக்குக் காதெல்லாம் சூடேறியது. குசினிக்குப் போய், இருக்கிறதிலேயே நல்ல தேயிலையை எடுத்தேன். இஞ்சி தட்டிப் போட்டேன். பாலும் சீனியும் அவருக்குப் பிடித்த அளவில். கீழ்த்தட்டுப் பேணியை வெளியே எடுத்து, பளபளவென்று தேய்த்துக் கழுவி, அதில் ஊற்றிக் கொண்டுபோனேன்.

சேலைத் தலைப்பைச் சுற்றி இரண்டு கையாலும் பிடித்தார். பேணி அசையவில்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வாய்வரைக்கும் கொண்டுபோனார். நெளிந்த இடம் உதட்டில் பட்டிருக்க வேண்டும். அப்படியே நிறுத்தினார். பேணியைத் திருப்பிப் பார்த்தார். மெதுவாகப் பக்கத்து ஸ்டூலில் வைத்தார்.

"இது உன்ரையல்லோ," என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் மலைநாட்டுப் பேச்சு தானாக வந்துவிடும். "ஆமா, என்னோடதுதான். நல்லாக் கழுவியிருக்கேன். குடிங்க," என்றேன்.

"வேண்டாம் பிள்ளை. நீ கோப்பையிலயே தா." வெந்த தொடையில் ஈரத்துணியோடு இருந்துகொண்டுதான் சொன்னார். அப்போதும் குரலில் ஒரு கடுமையும் இல்லை.

அலுமாரியைத் திறந்து, இருப்பதிலேயே மெல்லிய கோப்பையை எடுத்தேன். குசினியில் மீதியிருந்த தேத்தண்ணியை விளிம்பு வரை ஊற்றிக் கொடுத்தேன். கடகடவென்று சோசர் சத்தம் போட, பாதி மடியிலும் பாதி வாயிலுமாக அவர் அதைக் குடித்து முடித்தார்.

பேணியில் ஊற்றியது அப்படியே இருந்தது. நல்ல தேயிலை, கொட்ட மனம் வரவில்லை. குசினிக்குக் கொண்டுபோய் நின்றபடி நானே குடித்தேன்.